அரை மூட்டை மணல்

ஜீப்பின் ஸ்பிரிங் தகடுகளை மாற்றப் போவதாக என் கணவர் சொன்னது ஒரு திங்கட்கிழமை காலையில். எனக்கு அப்போது நான்கு மாதம். எட்டு நாள் கழித்து, அடுத்த செவ்வாய்க்கிழமை, திருகோணமலை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு நான் போக வேண்டியிருந்தது. தகடுகள் குருநாகலில் ஓர் உடைத்த லொறியிலிருந்து வருகின்றன, வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்றார்.

"தகடு மாத்தாம உன்னை அதில ஏத்த மாட்டன்."

"கிளினிக் அடுத்த செவ்வாய்," என்றேன்.

"தெரியும்."

"மூணு கிழமை எண்டா அஞ்சாம் மாசம் பிறந்திரும். நாலாம் மாசத்திலயே வரச் சொன்னாங்க அந்த டொக்டர்."

"பஸ்ஸிலயும் ஏத்த மாட்டன்," என்றார்.

நான் பஸ்ஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் அடுத்துக் கேட்கக்கூடியதை அவர் முன்பே யோசித்து மறுத்து வைத்திருந்தார். கிண்ணியாவில் அப்போது வாடகைக்கு ஓடிய கார்கள் இரண்டு. பெற்றோல் விலை ஏறிய பிறகு ஒன்றைக் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். மற்றதன் அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து, அதுவும் சரிவராது என்று முதல் நாளே அவர் சொல்லியிருந்தார்.

என் கணவரின் பெயர் கலீலுர் றஹ்மான். கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சர். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்துக்குப் பிறகு ஆண்தான் பெட்டியோடு வந்து சேருவான். அவரும் அப்படி ஒரு பெட்டியோடும் சைக்கிளோடும் வந்தவர். வீடு என் பெயரில், வளவு என் பெயரில், கிணறும் தென்னைகளும் உம்மாவின் பேச்சில். இதற்குள் அவருக்கென்று இருந்தது அந்த ஜீப் ஒன்றுதான். எழுபதாம் ஆண்டு ஏலத்தில் எடுத்தது. காட்டுப் பக்கத்தில் அவருடைய வாப்பாவின் எருமைப் பட்டி இருந்தது. அங்கே போய்ப் பால் கொண்டுவரலாம் என்பது திட்டம். ஜீப் வந்து இரண்டு மாதத்தில் அவருடைய நானா, வாப்பாவின் மூத்த மகன், பட்டியை விற்றுவிட்டார். சேற்றிலும் ஆற்றிலும் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட வாகனம், எங்கள் வளவின் கொட்டிலில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அதில் போவார். மற்ற நாட்களில் கடைக்குச் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைகளில், வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மீன் வாங்கப் போவார். கிண்ணியாவில் மீன் இல்லாத மாதிரி. பல நாள் மீனும் இல்லாமல் திரும்பி வருவார்.

ஜீப்பில் நான் கடைசியாக ஏறியது இரண்டு வருடங்களுக்கு முன்பு. அதுவும் கிளினிக்குக்குத்தான். அப்போது ஐந்தரை மாதம். பாதை எங்களை அக்கரையில் இறக்கி, ஜீப் சீனன்குடா ரோட்டில் ஏறியதும் ஒரு வளைவில் பெரிய குழி. முன் சக்கரம் விழுந்தது, பின் சக்கரமும் விழுந்தது. நான் கதிரையிலிருந்து எழும்பி மீண்டும் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது என் உடுப்பெல்லாம் இரத்தம். பிள்ளை இல்லை என்று மத்தியானம் சொன்னார்கள்.

ஜீப் குலுக்கினதால்தான் என்று உம்மா சொன்னார். உம்மாவின் தங்கை சுபைதா சாச்சி சொன்னார். பார்க்க வந்த எல்லோரும் சொன்னார்கள். அன்று ஜீப்பைத் தார்ப்பாயால் மூடிய என் கணவர், நாற்பது நாள் அதைத் திறக்கவில்லை.

ஜீப் குலுக்கினதால் இல்லை. இது எனக்கு மட்டும் தெரியும்.

அன்று விடியற்காலையில், சுபஹு பாங்குக்கு முன்பே எனக்கு இரத்தம் பட்டுவிட்டது. குசினிக்குள் விளக்கைக் கொளுத்திப் பார்த்தேன். அதற்கும் முன்பு மூன்று நாளாக வயிற்றில் அசைவு இல்லை. உம்மாவிடம் சொன்னால் மருத்துவிச்சியைக் கூப்பிடுவார், என்னைப் படுக்க வைப்பார், கிளினிக் போகாது என்று நினைத்தேன். எப்படியாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் சரி. கறுப்புப் பாவாடை ஒன்றை உடுத்திக்கொண்டு எட்டரை மணிக்கு ஜீப்பில் ஏறினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, நல்லா இருக்கியா என்று கேட்டார். ஓம் என்றேன்.

அது வரைக்கும் மன்னிக்கலாம். பயந்தவள் மறைப்பாள். பிறகு நடந்ததைத்தான் நான் பல தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது உம்மா என் தலையைத் தடவி, அந்தச் சனியன் பிடிச்ச ஜீப் என்றார். எனக்குள் ஏதோ இளகியது. துக்கத்துக்கு நடுவில் அப்படி ஓர் ஆறுதல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கு முன் மூன்றாம் மாதத்தில் ஒன்று போயிருந்தது. அதற்குப் பழி போட வாகனம் ஒன்றும் இருக்கவில்லை. அதனால் அது என் வயிற்றின் மேலேயே நின்றது. சுல்பிகாவின் வயிற்றில் தங்காதாம் என்று கிணற்றடியில் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டாவதுக்கு ஜீப் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையும்தான். ஒருவரும் என்னிடம் கேட்கவேயில்லை.

இப்போது எட்டு நாளில் கிளினிக். என் வாயிலிருந்து வராத ஒன்றுக்காக, குருநாகலில் யாரோ ஒரு லொறியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை திருகோணமலையிலிருந்து கனகசுந்தரம் வந்தார். நகரத்தில் கராச் வைத்திருப்பவர். வெள்ளைக்காரன் துறைமுகத்தில் இருந்த காலத்தில் டொக்யாட்டில் வேலை பழகினவர். தகடு வந்ததும் பூட்டுவதற்கு அளவெடுக்கத்தான் என் கணவர் அவரைக் கூப்பிட்டிருந்தார். நான் குசினி யன்னலுக்குள் நின்றேன். கொட்டில் பத்தடி தூரம்.

கனகசுந்தரம் ஜீப்புக்கு அடியில் படுத்து, அரை மணித்தியாலம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் அளவு இல்லை.

"தம்பி, இது பட்டாளத்துக்குச் செய்த சாமான்," என்றார். "நாலு பேரையும் துவக்குகளையும் பெட்டிகளையும் ஏத்திக்கொண்டு ஓட. இப்பவே தேவைக்கு மிஞ்சின தகடு கிடக்கு. இதில லொறித் தகடும் போட்டியள் எண்டால் பிறகு இது ஜீப் இல்லை, உரல்."

"பலமான தகடு எண்டா குலுக்காது தானே, அண்ணன்?"

"பலம் பாரத்துக்கு. பாரம் இல்லாட்டி அது வளையாது. அது வளையாட்டி, குழியில விழுறதெல்லாம் நேரை இருக்கிறவையின்ர இடுப்புக்கும் நாரிக்கும்தான் வரும்." துணியில் கையைத் துடைத்தார். "மாசம் எத்தனை மைல் ஓடுறியள்?"

என் கணவர் யோசித்தார். "வெள்ளிக்கிழமையில பள்ளிக்குப் போறன்."

"பள்ளி எவ்வளவு தூரம்?"

"அந்தா தெரியுது."

கனகசுந்தரம் திரும்பி, தென்னைகளுக்கு மேலே தெரிந்த மினாராவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

"வேற?"

"ஒவ்வொரு நாளும் காலையில ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டு நிப்பாட்டுவன்."

"அது நல்லது," என்றார் கனகசுந்தரம். "ஆனால் அதுக்கு ஸ்பிரிங் தேவையில்லை."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். நின்று நின்று தகடுகளுக்கு இடையில் துருக்கறள் பிடித்து, எல்லாம் ஒரே கட்டையாக ஒட்டிக் கிடக்கின்றன. கழற்றிச் சுரண்டிக் கிறீஸ் பூசினால் தானாக வளையும். டயரில் காற்று கல்லு மாதிரி இருக்கிறது, குறைக்க வேண்டும். பின்னால் இரண்டு மூட்டை பாரம் வைத்தால் வண்டி அமர்ந்து ஓடும். பின்பக்கத்து ஷொக் அப்சோபர் ஒன்று எண்ணெய் ஒழுக்குகிறது. அதை மட்டும் மாற்றத்தான் வேண்டும். தன்னிடம் ஒன்று கிடக்கிறது.

"இவ்வளவுதானா?" என்று என் கணவர் கேட்டார். குரலில் ஏமாற்றம் இருந்தது. பெரிய குற்றத்துக்குப் பெரிய வேலையாக ஒன்று வேண்டும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார் போலும்.

"இவ்வளவுதான். அளவா ஓடுற வண்டிக்கு அளவான வேலை." கனகசுந்தரம் சுருட்டைப் பற்றவைத்தார். "உங்கட ரோட்டிலயும் பெரிசாப் பிழையில்லை. அக்கரையில இறங்கின உடனை ஒரு வளைவு வருமே, அதில ஒரு குழி கிடந்தது. இப்ப அதைத் தேடிப் பார்த்தாலும் தெரியாது. ரோட்டு ஓவசியர் தன்ர ஆக்கள் நிரப்பேல்லை எண்டு சத்தியம் பண்ணுறார். மற்றக் குழியெல்லாம் அப்படியே கிடக்க அது மட்டும் எப்பிடி எண்டு அவருக்கு விளங்கேல்லை. ஆரோ கிண்ணியா ஆளாம். ஞாயிற்றுக்கிழமையில சைக்கிளில மண் அள்ளுற சவளும் கட்டிக்கொண்டு வாறானாம். ஒவ்வொரு மழைக்கும் கரையும், ஒவ்வொரு மழைக்கும் வந்து நிரப்புறானாம்."

என் கணவர் குனிந்து டயரில் காற்று எவ்வளவு என்று பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். அதைப் பெருவிரலால் கண்டுபிடிக்க ஏலாது.

என் கையில் அரைவாசி உரித்த வெங்காயம் இருந்தது. அதை எவ்வளவு நேரம் அப்படியே பிடித்திருந்தேன் என்று தெரியாது. அந்த மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணத் தொடங்கி, இடையில் விட்டேன். எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம். யாருடைய குழியை யார் நிரப்புவது என்று கோபம். அது என் பக்கமே திரும்புவதற்கு வெங்காயம் உரித்து முடியும் நேரம் எடுத்தது.

அன்று பின்னேரம் வரை இருவரும் தகடுகளைக் கழற்றிச் சுரண்டினார்கள், கிறீஸ் பூசினார்கள், காற்றைக் குறைத்தார்கள். அரசாங்கம் நெல் கொண்டுபோவதைத் தடுத்திருந்த காலம் அது, நெல் மூட்டை ஏற்றினால் எந்தச் சோதனைத் தடையிலும் பொலிஸ் இறக்கிப் பார்க்கும். அதனால் இரண்டு மணல் மூட்டை கட்டினார்கள். ஷொக் அப்சோபரைச் சனிக்கிழமை தன் ஆளிடம் கொடுத்து அனுப்புவதாகச் சொல்லிவிட்டு கனகசுந்தரம் போனார்.

"இனி அவளை ஏத்தலாமா இல்லையா எண்டு எப்படித் தெரியும்?" என்று என் கணவர் இராச்சாப்பாட்டில் கேட்டார். எங்களில் ஒருவரையும் பார்த்துக் கேட்கவில்லை. சுபைதா சாச்சி அதைத் தன்னைக் கேட்டதாக எடுத்துக்கொண்டார்.

சாச்சி தயிர் வியாபாரம். எருமைத் தயிர்ச் சட்டிகளைச் சைக்கிள்காரர்களிடம் கொடுத்து நகரத்துக்கு அனுப்புவார். புதிதாக ஒரு சைக்கிள்காரன் வந்தால் முதல் நாள் அவனிடம் ஒரேயொரு சட்டியைக் கொடுப்பார். பாதையடி வரை கொண்டுபோய், அதே சட்டியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். சாச்சி கடதாசியை அவிழ்த்துப் பார்ப்பார். தயிர் ஒரே பாளமாக நின்றால் அவனுக்கு வேலை. வெடித்துத் தண்ணீர் விட்டிருந்தால் ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார்.

"மருமகன், நாளைக்கு ஜும்ஆ முடிய அவட கதிரையில என்ட சட்டி ஒண்ட வைங்க," என்றார் சாச்சி. "பாதையடிக்குப் போய்ட்டு வாங்க. தயிருக்குத் தாங்கினா இவளுக்கும் தாங்கும்."

"என்னையும் தயிரையும் ஒண்டாக்குறீங்களா, சாச்சி?"

"ஒண்டாக்குவனா? தயிருக்கு நான் உத்தரவாதம் குடுப்பன்."

என் கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நல்ல யோசனை," என்றார். அவர் பகிடி விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சாச்சி சட்டியைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்து, கடதாசியை அவிழ்த்து எல்லோருக்கும் காட்டினார். வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது தயிர். சாச்சி கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். உம்மா கரண்டியை எடுத்தார்.

எங்கள் வீட்டுக்கு எந்தத் தயிர் வந்தாலும் முதல் கரண்டி அடுத்த நாள் பாலுக்கு உறை. உம்மாவின் கை அதை யோசிக்காமலே செய்யும். ஓரமாக ஒரு கரண்டி கோதி எடுத்துக் கோப்பையில் போட்டார். கரண்டியின் பின்புறத்தால் இடத்தைத் தடவி மட்டமாக்கினார். கடதாசியை மூடி நூலைக் கட்டினார். தயிர் விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் தெரியும், வெட்டுப்பட்ட தயிர் தண்ணீர் விடும். அதைக் குலுக்க வேண்டியதில்லை, சும்மா வைத்தாலே போதும். உம்மாவுக்கும் தெரியும். ஆனால் உம்மா அப்போது சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். இரண்டு சொல். சாச்சி வேறு சட்டி கொண்டுவந்திருப்பார். ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் எனக்கு ஒழுங்காக விளங்கவில்லை. எனக்குக் கிளினிக்குக்குப் போக வேண்டும். அந்தச் சட்டி பிழைத்தால் நான் போக ஏலாது. அது தெரிந்தும் வாய் திறக்கவில்லை. மௌனமாக இருப்பதற்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது போலும். உம்மாவின் கைக்குக் கரண்டி எப்படியோ அப்படி.

ஜும்ஆ முடிந்து வந்து என் கணவர் சட்டியை முன் கதிரையில் வைத்து, என் பழைய சால்வையால் கட்டினார். கட்டிவிட்டு, வயிறு இருக்கும் உயரம் இதுதானா என்று என்னைப் பார்த்து ஒரு தடவை அளந்துகொண்டார். பின்னால் மணல் மூட்டைகளோடு சாச்சியும் ஏறினார், சட்டிக்குக் காவலாக. சாச்சி ஏறியதும் ஜீப் இன்னும் நன்றாக அமர்ந்தது. ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஜனாஸாவுக்குப் போகிற வேகத்தில் வளவை விட்டு வெளியேறினார்கள். ஒன்றரை மைல் போய், ஒன்றரை மைல் வர, முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

சாச்சி மேசையில் வைத்துக் கடதாசியை அவிழ்த்தார். தயிர் குறுக்கே வெடித்திருந்தது. ஓரத்தில் ஒரு விரற்கடை மஞ்சள் தண்ணீர்.

"இந்த ஆளுக்கு நான் சட்டி குடுக்க மாட்டன்," என்றார் சாச்சி.

என் கணவர் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய முகம் மாறவில்லை. மாறாததுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. அவருக்கு இது புதிதில்லை. இரண்டு வருடமாக அவர் இந்தச் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தகடு வரட்டும்," என்றார். "கனகசுந்தரம் அண்ணனுக்கு ஆள் அனுப்பி ஷொக்கு வேணாம் எண்டு சொல்றன். ஒரேயடியாப் புதுசாச் செய்வம்."

உம்மா சட்டியைப் பார்த்தார், உறைக் கோப்பையைப் பார்த்தார், தேத்தண்ணி வைக்க அடுப்படிக்குப் போனார். அவருக்கு ஞாபகம் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் தாயும் மகளும்தான்.

அசர் தொழுகை முடிந்து அவர் கொட்டிலுக்குள் போய் ஜீப்பில் இருந்தார். ஸ்டார்ட் பண்ணவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்துச் சும்மா இருந்தார். நான் போய் மற்றப் பக்கத்தால் ஏறி, சால்வையைத் தள்ளிவிட்டு இருந்தேன்.

"இறங்கு," என்றார்.

"இது ஓடல்லையே."

அவர் கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டார்.

"தயிர் ஏற முந்தியே வெட்டுப்பட்டிருந்த," என்றேன். "உம்மா உறைக்கு ஒரு கரண்டி எடுத்தாங்க. நான் பார்த்தன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "பார்த்தா ஏன் சொல்லல்ல?"

"தெரியாது."

"தெரியாதா? நாங்க முக்கால் மணித்தியாலம் அந்தச் சட்டியோட..."

"போன முறையும் இப்படித்தான்," என்றேன்.

அதற்குப் பிறகு நிறுத்த ஏலவில்லை. குசினி விளக்கு, கறுப்புப் பாவாடை, மூன்று நாள் அசைவில்லாதது, எல்லாவற்றையும் சொன்னேன். நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுபவரிடம் சொல்வது மாதிரிச் சொன்னேன். எதிரே கொட்டில் கூரையில் ஒரு கிடுகு கழன்று தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"சுபஹு பாங்குக்கு முந்தி."

"நாம வெளிக்கிட்டது எட்டரைக்கு."

"ஓம்."

"குழியில விழுந்தது ஒம்பதரைக்கு அஞ்சு நிமிஷம் இருக்கக்குள்ள."

"எனக்கு நேரம் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றார்.

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அவர் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகக் கொஞ்சம் திருப்பினார், மறுபக்கமாகக் கொஞ்சம் திருப்பினார். ஒரு குழியை விலத்துகிற அளவு.

"ரெண்டு வருஷம்," என்றார்.

"ஓம்."

அவர் இறங்கினார். ஒவ்வொரு நாளும் செய்வது மாதிரித் தார்ப்பாயை எடுத்து ஜீப்பின் மேல் இழுத்தார். முன்பக்கம் மூடினார், பின்பக்கம் போய்க் கயிற்றைக் கட்டினார். நான் உள்ளே இருந்தேன். இருட்டில் கிறீஸ் மணமும் கொஞ்சம் தயிர் மணமும் இருந்தன. அவர் காலடி வீட்டுப் பக்கமாகப் போய், நின்று, திரும்பி வந்தது. தார்ப்பாயின் மூலை ஒன்று தூக்கப்பட்டது.

"இறங்கு," என்றார் மறுபடியும்.

அதன் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். தண்ணீர் வைத்தால் குடித்தார். கோபக்காரர்கள் எப்படிக் கோபிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் வாப்பா கோப்பை எறிவார். இவர் கோபம் இப்படி என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது போலத்தான் இருந்தது. இரவில் மறுபக்கம் திரும்பிப் படுப்பார். ஆனால் நித்திரை இல்லை. எனக்கும் இல்லை. பயந்தேன். ஆனால் எனக்குள்ளே ஏதோ ஒன்று தன் இடத்தில் அமர்ந்திருந்தது. அதைச் சந்தோஷம் என்று சொல்ல எனக்கு வெட்கம்.

வேண்டாம் என்று ஆள் போய்ச் சொன்னதால் சனிக்கிழமை ஷொக் அப்சோபர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் சைக்கிளில் அக்கரைக்குப் போனார். சவளைக் கட்டிக்கொண்டு போகிறாரா என்று யன்னலால் பார்த்தேன். இல்லை. மத்தியானம் தாண்டித் திரும்பியபோது, சைக்கிள் கரியரில் கடதாசியில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று.

"மீனா?" என்று உம்மா கேட்டார்.

"இல்ல, மாமி."

கொட்டிலுக்குள் கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்க்கவில்லை. அவர் குளிக்கப் போன பிறகு போய்ப் பார்த்தேன். ஒழுகின ஷொக் அப்சோபர் கழற்றித் தரையில் கிடந்தது. புதியது, அதாவது கனகசுந்தரத்தின் பழையது, பூட்டியிருந்தது. பக்கத்தில் குருநாகலுக்கு எழுதின தபாலட்டை ஒன்று காய வைத்திருந்தார். தகடு வேண்டாம் என்று ஒரே வரி. காரணம் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு ஜீப் ஸ்டார்ட் ஆனது. ஐந்து நிமிடத்தில் நிற்கும் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. வாசலுக்கு வந்து, "கிளினிக் துண்டு எடுத்தாச்சா?" என்று கேட்டார். நாலு நாளில் முதல் கதை.

உம்மா வெளியே வந்தார். பின்னாலே சாச்சி.

"தகடு வர முந்தியே இவளைக் கூட்டிட்டுப் போறீங்களா, மருமகன்?" என்றார் சாச்சி. "நீங்களும் பார்த்தீங்க தானே சட்டிய?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு உரிமை இருந்தது. இரண்டு வருடமாக ஊர் முழுக்க அவர் மேலும் அவருடைய ஜீப்பின் மேலும் ஏற்றி வைத்ததை ஒரு வசனத்தில் இறக்கி என் கையில் கொடுத்திருக்கலாம்.

"ஷொக்கு மாத்திட்டன், சாச்சி," என்றார். "அதுதான் பிழை."

சாச்சி தலையாட்டினார். "அப்ப நான் அண்டைக்கே நினைச்சன்," என்றார்.

பாதையில் ஏறும்போது பொலிஸ்காரர் ஒருவர் பின்னால் கிடந்த மூட்டைகளைக் குத்திப் பார்த்தார். மணல் கொட்டியது.

"இது என்ன?"

"மணல்."

"கிண்ணியாவில இருந்து திருகோணமலைக்கு மணல் கொண்டு போறீங்களா?"

"ஓம்," என்றார் என் கணவர். பொலிஸ்காரர் என்னையும் என் வயிற்றையும் மணலையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

அக்கரையில் இறங்கி ரோட்டில் ஏறினோம். ஜீப் உண்மையாகவே அமர்ந்து ஓடியது. வளைவு வந்தது. அவர் விலத்திப் போகவில்லை. ரோட்டின் நடுவில் நிறுத்தி இறங்கினார். அந்த இடத்தில் போய் நின்று காலால் இரண்டு தரம் மிதித்துப் பார்த்தார். ஓரம் கொஞ்சம் இளகியிருந்தது. திரும்பி வந்து ஏறினார்.

"மழைக்கு நிக்காது," என்றார்.

அவர் இனி அந்தக் குழியை நிரப்ப வேண்டியதில்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"சவள் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"பின்னால கிடக்கு." கியரில் போட்டார். "திரும்பி வரக்குள்ள மூட்டையொண்ட இதில கொட்டுவம்."

"அப்ப எனக்குக் குலுக்கும்."

அவர் யோசித்தார். கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகள் தெரியத் தொடங்கின.

"அரை மூட்டை," என்றார்.